வெயில் வாத்தியாரின் வரைபடம்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் வெயில் வாத்தியார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். புவியியலைப் புத்தகத்தோடு விடுகிற ஆளா அவர்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் ஊருக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போவார். சூரிய மின்சாரம் எடுக்க எந்த இடம் தோதானது என்று அவர்களே அளந்து, வரைபடம் போட வேண்டும்.

"உச்சி வெயில்லதான்டா அளக்கணும். வீடு, மரம், பயிர் இருந்தா கலர் அடி. ஒண்ணும் இல்லன்னா வெள்ளையா விடு."

மேட்டு நிலம் முழுக்க வெள்ளையாகவே வந்தது. வராமல் என்ன செய்யும்? கொளுத்துகிற வேளையில் எந்த ஆடு வெளியே நிற்கும்? அவருடைய அக்கா விடிந்ததும் ஆடுகளை அங்கே மேயவிட்டு, வெயில் ஏறுமுன் பட்டிக்கு ஓட்டி வந்துவிடுவாள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி போவாள். இது அவருக்குத் தெரியாதா? அந்த ஆடுகளை மேய்த்துத்தானே அவரை ஆளாக்கினாள்! ஆனால் வரைபடத்துக்குக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்துவிட்டது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மின் திட்டத்துக்கு இடம் தேடியவர்கள் அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். சேதி கேட்டு அக்கா ஓடி வந்தாள்.

"தம்பி, நீ சொன்னா கேப்பாங்க. ஆடு மேயற இடம்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா."

"பாக்கலாம்க்கா."

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்னால் பரிசு வாங்கின வரைபடம் தப்பென்று ஆகிவிடுமே! பாழாய்ப்போன கௌரவம். மேட்டைச் சுற்றி வேலி வந்தது. அக்கா ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். தம்பி வீட்டு வாசலை அதன்பிறகு மிதிக்கவில்லை.

இந்த வருஷம் புதுப் பிள்ளைகளை வேலிக்கு உள்ளேயே அழைத்துப்போக அனுமதி கிடைத்தது. வரிசை வரிசையாக சோலார் பேனல்கள். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி தூசி துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. அக்கா.

வாத்தியார் பிள்ளைகளை அடுத்த வரிசைக்குத் திருப்பப் பார்த்தார். அதற்குள் ஒரு மாணவி கேட்டுவிட்டாள்.

"சார், இதுக்கு முன்னாடி இங்க என்ன சார் இருந்துச்சு?"

நாலு பிள்ளைகள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாத்தியார் வாயையே பார்த்தார்கள். அக்கா துணியைப் பிழிந்து உதறினாள். அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "உங்க சார் நல்லா அளந்து பாத்துட்டுத்தான் சொன்னாரு."