புகைக்கூடத்து லங்காஸ்டர்

ராஃபேல் பிளாஸ்டிக் இறக்கையை விளக்குக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். வேலை செய்யும் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டையும் இப்படித்தான் பார்ப்பார். ஒட்டிய இடத்தில் வெளிச்சம் கசிகிறது. “இன்னும் பத்தல லா” என்று தனக்கே சொல்லிக்கொண்டு பசைக்குழாயை எடுக்கிறார்.

முதன்முதலில் அந்தக் குழாய் ரப்பர் தோட்டத்துக்குள் வந்ததே பெரும்பாடு. அவசரகாலம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்கார அரசோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று வாசலில் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். காவல் நின்ற இருசப்பன் குழாயைப் பிதுக்கி மோந்து பார்த்தான்.

“அண்ணே, டின்பாலா?”

“நக்கிப் பாரு. வாய் ஒட்டிக்கும், ஊரு நிம்மதியா இருக்கும்.”

கோலசிலாங்கூர் கடையில் வாங்கிய பெட்டிக்குள் துண்டு துண்டாக இருந்தது ஒரு பிளாஸ்டிக் போர் விமானம்: நான்கு எஞ்சின் வைத்த லங்காஸ்டர். அதன் சாயலுள்ளவைதான் இப்போதும் ஜெராம் பக்கமுள்ள இந்தத் தோட்டத்துக்கு மேலே, மலைக்காடுகளுக்குக் குண்டு சுமந்து போகின்றன. அழிக்கப் பிறந்த ஒன்றை ஒரு மனிதர் ஏன் இவ்வளவு பொறுமையாகக் கட்ட வேண்டும்? கேட்டால் ராஃபேல் காதைச் சொறிவார். “தலைக்கு மேல போனா என்னமோ மாதிரி இருக்கு. கையில எடுத்துட்டா, அட, இவ்வளவுதானான்னு ஆயிடுது.”

முதல் விமானத்தை அவருடைய தொழிலே கெடுத்தது. ஈர ரப்பர் ஷீட் எல்லாம் புகைக்கூடத்துச் சூட்டில்தான் காய்கிறது. சாயம் மட்டும் காயாதா என்று அதையும் அங்கே கம்பில் தொங்கவிட்டார். காலையில் போய்ப் பார்த்தால், இரண்டு இறக்கைகளும் வாடிய வாழையிலைபோலத் தொங்கின. கூட வேலை செய்யும் காளியண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏன் ராஃபேலு, உன் பிளேனு ராத்திரி கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்துச்சா?”

ராஃபேல் இன்னொரு பெட்டி வாங்கினார்.

அதை வீட்டுக்குள் வைக்க மனைவி மாடில்டா விடவில்லை. சப்பான்காரன் குண்டு போட்ட நாளில், கிள்ளானில் அண்ணனோடு லோங்காங்குக்குள் பதுங்கியவள் அவள். சாக்கடையிலிருந்து ஏறி வந்தது அவள் மட்டுந்தான். இன்றும் மேலே இரைச்சல் கேட்டால், செய்கிற வேலையை அப்படியே விட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள். “அந்தச் சனியன் என் வாசப்படி ஏறக் கூடாது” என்றாள். ராஃபேல் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து ஒட்டினார்.

பல நாள் சன்னலிலிருந்து பார்த்தவள், ஒருநாள் வாய் திறந்தாள்: “வாலு கோணலா இருக்குங்க.”

பார்த்தார். கோணல்தான். திருத்தினார்.

அடுத்த வாரம் மழைச் சாரல் அடித்தபோது, முந்தானையால் மூடி அதை உள்ளே கொண்டுவந்தவள் அவள்தான்.

இப்போது அது சுவரிலுள்ள திரு இருதய ஆண்டவர் படத்தருகே தூண்டில் நரம்பில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் ராஃபேல் எஞ்சினைக் காட்டமாட்டார், வாலைத்தான் காட்டுவார். “இதை நேராக்குனது வீட்டுக்காரி.”

திடீரென்று மேலே உறுமல். தகரக் கூரை அதிர்கிறது, நரம்பு ஊசலாடுகிறது. ராஃபேல் கையிலிருக்கும் அடுத்த விமானத்தின் இறக்கையைத் தாழ்த்துகிறார். மாடில்டாவின் கைகள் காதை நோக்கி எழுகின்றன; பாதியில் நின்று, ஆடும் லங்காஸ்டரை அடியிலிருந்து ஏந்திக்கொள்கின்றன.