நிலைப்படிக்கு மேல் ஒரு தகடு

அம்மா நிலைப்படி தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட நாளிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இன்னொரு முறை விழுந்து இடுப்பில் அடிபட்டால் எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாமக்கல்லில் நாங்கள் குடியிருப்பது மாடியில். அங்கே வரச் சொன்னால், "எனக்கு என்ற ஊடு போதுஞ் சாமி" என்று ஒரே பதில். அப்பா போன பிறகு கிராமத்து வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

சரி, அவள் வராவிட்டால் வீட்டை அவளுக்கு ஏற்றபடி மாற்றிவிடுவோம் என்று கிளம்பினேன். எனக்குத் தெரிந்த தொழில் லாரிக்குப் பாடி கட்டுவது. ஆகவே வீட்டையும் லாரியாகத்தான் பார்த்தேன். டேப்பும் கையுமாக மூலை முடுக்கெல்லாம் அளந்தேன். குளியலறையில் கைப்பிடி, கட்டிலுக்குப் பக்கத்தில் கைப்பிடி, கதவோரம் ஒன்று, கழிப்பறையில் இரண்டு. வாசல் படிகளின் விளிம்பில், லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற மின்னும் சிவப்பு ஸ்டிக்கர். "ஏனுங்க, அத்தை ஊட்டு மேல எந்த லாரி வந்து மோதப் போவுது?" என்று என் மனைவி கிண்டல் செய்தாள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. எங்கே திரும்பினாலும் அம்மா விழுவதற்கு ஓர் இடம் என் கண்ணில் பட்டது.

என் முதல் எதிரி அந்த நிலைப்படிதான். நான்கு அங்குல உயரத் தேக்கு. அறுத்து எடுத்துவிடலாம் என்றதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அறுக்காமலே காரியத்தை முடிக்கலாம் என்று பட்டறையில் ஒரு சரிவு செய்தேன். லாரிப் படியில் கால் வழுக்காமல் இருக்கப் போடுவோமே, புடைப்புப் புடைப்பாக இருக்கும் இரும்புத் தகடு, அதில்தான். வீட்டுக்குள்ளிருந்து ஏறி, படியை மூடி, வெளியே இறங்கும். ஐந்தடி நீளம். நானே அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டினேன். "நல்லாருக்குது" என்றாள் அம்மா, தள்ளி நின்றபடியே.

அடுத்த வெள்ளிக்கிழமை போனால், தகட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். அப்பா போன பிறகும் படிக்கு மஞ்சள் பூசுவதை அவள் விட்டதில்லை. நான் அதைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பி, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று பீற்றிக்கொண்டேன்.

அப்படியும் மனம் அடங்கவில்லை. முன்வாசலில் ஒரு கேமரா மாட்டினேன். பட்டறையில் வேலைக்கு நடுவிலும், சோற்றில் கை வைத்துக்கொண்டும் போனைத் திறந்து அந்த வாசலையே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் காலை பால்காரர் வந்து மணியடித்தார். கதவு திறந்துதான் கிடந்தது. அம்மா அதன் வழியாக வரவில்லை. மாவுக்கட்டுக் கையின் இடுக்கில் சொம்பும், மற்றக் கை சுவரிலுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எனக்குச் சுருக்கென்றது. பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கோலம் போட, குழாயில் தண்ணீர் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அதே சுற்று வழி. ஒரு தடவைகூட அவள் தகட்டில் கால் வைக்கவில்லை.

சமையலறைக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு உண்டு. அதற்கு நிலைப்படி கிடையாது. ஆனால் அதைத் தாண்டினால் துணி துவைக்கிற கல், சோப்புத் தண்ணீர், பாசி. தினமும் அதன் மேல்தான் நடந்திருக்கிறாள். போட்டது போட்டபடி பைக்கை எடுத்தேன்.

போனதும் கத்தினேன். "ஏம்மா, இத்தனை பாடுபட்டுச் செஞ்சு குடுத்தா, அதுல நடக்கறதுக்கு என்ன?"

"நெலவுப்படிய மிதிக்கச் சொல்றயா சாமி?"

"படி அடியிலதான இருக்குது? நீ மிதிக்கறது இரும்புதான?"

"மேல எதப் போட்டு மூடுனாலும் படி படிதான? பொறந்ததுலிருந்து தாண்டித்தான் போயிட்டிருக்கறேன். இதயும் தாண்டிப் பாத்தேன். கால் எட்டல."

ஐந்தடித் தகட்டை, மாவுக்கட்டுக் கையோடு, அந்தக் கால்களை வைத்துக்கொண்டு தாண்டிப் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கே தகட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய் நடுவில் அறுத்தேன். படிக்கு உள்ளே ஒரு பாதி, வெளியே ஒரு பாதி. இரண்டும் படியின் உயரம்வரை ஏறி நிற்கும். நடுவில் படி மூடப்படாமல் அப்படியே இருக்கும். அம்மா கதவோரக் கைப்பிடியைப் பிடித்து ஏறி, நான்கு விரல் அகலப் படியைச் சின்ன எட்டாக எடுத்து வைத்துத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினாள். அவ்வளவுதான் வேலை. வீடு முழுக்க அளந்த நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னம்மா?"

"நீ ஆசையாச் செஞ்சு கொண்டாந்து நின்ன. ஆவாதுன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது, ஆத்திரம் என் மேல்தான். அந்தப் பாசியில் விழுந்து இடுப்பு முறிந்திருந்தாலும் அவள் தகட்டைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டாள். கல் வழுக்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பாள். நானும் அந்தக் கல்லைத்தான் பெயர்த்துப் போட்டிருப்பேன்.