என்ர கொம்பனிக்கு வராத போன்

மல்வேர்னில் நான் வேலை செய்த பேக்கரியில், புதுப் போன் அடுத்ததாக எந்த நெட்வேர்க் கொம்பனிக்கு வரும் என்பதுதான் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அது நான் லைன் வைத்திருந்த சின்னக் கொம்பனிக்கு வராதா என்று நான் ஏங்கியது எல்லாருக்கும் தெரியும்.

“உம்மட கொம்பனிக்கு வந்திட்டுது. என்ர மச்சான் அவையின்ர கடையில கண்டவன்,” என்றார் என்னோடு மா குழைக்கும் அண்ணை.

மறுநாள் லீவு போட்டு, பனிக்குள் இரண்டு பஸ் மாறி அந்தக் கொம்பனிக் கடைக்குப் போனேன். நான் கேட்டு முடிக்குமுன்னமே கடைப் பிள்ளை சிரித்தாள்.

“அங்கிள், அது எங்களுக்கு வராது. நீங்கள் வருவியள் எண்டு உங்கட வேலையாக்கள் சொன்னவை. இப்பவும் லைனில நிக்கினம்.”

அவள் கையிலிருந்த போனுக்குள் சாப்பாட்டறை முழுக்கச் சிரித்தது. அண்ணையின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

அடுத்த நாள் அவர் என் தோளில் தட்டி, “கொஞ்சம் பொறும், வரும்,” என்றார். நான் தலையாட்டினேன். மா குழைக்க அன்றும் நாங்கள் இரண்டு பேர்தான்.