படுத்தால் ஒரு முதுகு, நின்றால் ஒரு முதுகு

எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு இருட்டறை பழகிவிடும். வெளியே வந்ததும் எல்லோரும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பதுதான் கடைசிவரை பழகாது. ஜனங்களுக்கு நடுவே ஒரு மெஷினை ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு இது புரியும். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை. கன்னியம்மா என்பவளின் இடுப்பைப் படம் பிடித்து நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

தாயத்து

கன்னியம்மா நடவு வேலை செய்கிறவள். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் மரத்துப்போய் வழியிலேயே உட்கார்ந்துவிடுவாள். கூட வந்த மாமியார், "வேலைக்குப் போவ ஒடம்பு வளையல, நடிக்கிறா" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மாவின் இடுப்புக் கயிற்றில் செம்புத் தாயத்து ஒன்று இருந்தது. மாமியார் மந்திரித்துக் கட்டியது. அது படத்தில் எலும்பை மறைத்துக்கொண்டு வெள்ளையாக விழும் என்பதால் கழற்றச் சொன்னேன். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாயத்த அவுத்துட்டுப் படம் புடிச்சா நோவு கீதுன்னுதான் காட்டும். இன்னா நைனா, யாருகிட்ட வேல காட்ற?"

மாற்றிக் கொடுத்த படம்

ஒருவழியாகத் தாயத்தைக் கழற்றவைத்து, படுக்கவைத்து எடுத்த படத்தில் எலும்புகள் தேய்ந்திருந்தன, ஆனால் வரிசை கலையாமல் இருந்தன. மாமியார் முகத்தில் ஜெயித்த களை. மெட்ராஸிலிருந்து வாராவாரம் வரும் எலும்பு டாக்டருக்கு அந்தப் படத்தின் மேலேயே சந்தேகம். "நடந்தாதானே இவங்களுக்கு வலி? படுக்கவெச்சு எடுத்தா என்ன தெரியும்? நிக்கவெச்சு எடுங்க. குனியவெச்சு ஒண்ணு, நிமிரவெச்சு ஒண்ணு" என்றார்.

குனிந்தபோது கன்னியம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. எனக்கே பொறுக்கவில்லை; போதும் என்றேன். "எடுங்க சார், நெசம்தான்னு எல்லாத்துக்கும் தெரியட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

படத்தைக் கழுவிப் பார்த்தால், அடி முதுகில் ஓர் எலும்பு கீழ் எலும்பை விட்டு முன்னால் நழுவியிருந்தது. அவள் புருஷன் முனுசாமி இரண்டு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"படுத்தா ஒரு முதுகு, நின்னா ஒரு முதுகா? வேற எவளோடதையோ மாத்திக் குடுத்துட்ட சார்!"

கூடுதல் எலும்பு

ஆபரேஷன் என்று முடிவானது. எந்த எலும்பைத் திறப்பது என்று டாக்டர் கீழிருந்து எண்ணிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். அடி முதுகில் எல்லோருக்கும் ஐந்து, இவளுக்கு ஆறு. எண்ணிக்கை பிசகினால் நல்ல இடத்தில் கத்தி விழும். கடைசி விலா எலும்பும் தெரிகிற மாதிரி பெரிய படமாக இன்னொன்று எடுக்கச் சொல்லி, மேலிருந்து எண்ணி, நழுவிய எலும்பில் பென்சிலால் குறி போட்டார்.

"ஒண்ணு கூடுதலா இருக்கு" என்று அவர் என்னிடம் சொன்னது முனுசாமி காதில் விழுந்துவிட்டது. அது பிறவியிலேயே சிலருக்கு இருப்பதுதான் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவன் பெண்டாட்டி கையை விடவில்லை.

"கூட கீற எலும்ப எடுத்து எந்தப் பணக்காரனுக்கு வெக்கப் போறீங்க?"

கொஞ்சம் சத்தமாக

கடைசியில் கன்னியம்மாவே, "எனக்குத்தான வலி, நான் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். மெட்ராஸில் ஆபரேஷன் நடந்தது. நரம்பின் அழுத்தத்தை எடுத்துவிட்டு, நழுவிய எலும்பைக் கீழ் எலும்போடு சேர்த்திருந்தார் டாக்டர். சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கேயும் உட்காராமல் நடந்தே வந்தாள். குனியவைத்து எடுத்த படத்திலும் எலும்பு அசையவில்லை. டாக்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நல்லா கூடிடுச்சு. ஆனா இந்தப் போகம் நடவுக்குப் போகக் கூடாதும்மா" என்றார்.

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க டாக்டர், வெளிய எங்க மாமியா குந்திக்கினு கீது."

அந்த வட்டாரத்தில் எனக்கு முதுகைக் காட்டாதவர்கள் குறைவு, என் பேச்சை நம்பியவர்கள் அதைவிடக் குறைவு.