ஜெயரூபினி அக்கா விற்காத செப்புகள்

அன்று நடந்த பேச்சை வரிசை மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வந்த பெண் திட்ட அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். ஜெயரூபினி அக்கா தமிழில் பதில் சொன்னார். நடுவில் நின்று மொழிபெயர்த்தது நான். தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது வாரம். இடம் வடக்கே கடற்கரை ஊரான சிலாவத்தையில், அக்காவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டில்.

மாதத்துக்கு எத்தனை செய்வீர்கள் என்று அதிகாரி முதலில் கேட்டார். மனம் வந்தால் மூன்று, வராவிட்டால் ஒன்றும் இல்லை என்றார் அக்கா. யார் வாங்குகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒருவரும் இல்லை. அப்படியானால் இத்தனையையும் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி சுவரைக் காட்டினார். சுவரோடு அடித்த மூன்று தட்டுகளிலும் மரக் கிண்ணங்களும் மூடி போட்ட செப்புகளும் நிறைந்திருந்தன. அக்கா ஒரு செப்பைத் திறந்து காட்டினார். உள்ளே கிராம்பு. இன்னொன்றில் ஊசியும் நூலும். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. அது சும்மா என்றார்.

அதன் பிறகு அதிகாரி குரலைத் தாழ்த்தி, கணவர் எந்த வருடம் இறந்தார் என்று கேட்டார். நான் தயங்கினேன். என்ன கேட்கிறார் என்று அக்கா விடாமல் கேட்க, சொல்லிவிட்டேன்.

"அந்தா வேம்புக்குக் கீழ படுத்துக் கிடக்கிறார். விடியத்தான் கடலால வந்தவர். எழுப்பிக் கேக்கட்டோ, எப்ப செத்தனீங்கள் எண்டு?"

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்த றொமேஸ் அண்ணை, பாயில் படுத்தபடியே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

பிறகு ஏன் இதைச் செய்கிறீர்கள் என்பதுதான் கடைசிக் கேள்வி.

"விருப்பத்துக்கு. இது விக்கிறதுக்கில்லை. தொழில் எனக்கு வேற இருக்கு."

அதை நான் அப்படியே சொல்லவில்லை. நிறுவனம் கொடுத்த கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பயனாளி இப்படிச் சொன்னால் அவருக்குத்தான் கெடுதல் என்று பயந்தேன். இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி சந்தோசமாகக் குறித்துக்கொண்டார்.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. காலை ஐந்தரைக்குக் கடற்கரையில் மீன் வாங்கும் வாடிக்கு இறால் நிறுக்கப் போவார். பத்தரைக்குத் திரும்பிவந்து சமைப்பார். அதன் பிறகு கொட்டில்தான். அங்கே இருந்த கடைசல் இயந்திரம் எங்கள் நிறுவனம் பன்னிரண்டு பெண்களுக்குத் தச்சுப் பயிற்சி கொடுத்தபோது வந்தது. மோட்டார் மரக்குற்றியைச் சுழற்றும். உளியை அணைத்துப் பிடித்துக் கடைய வேண்டும். மற்றவர்கள் அதன் சத்தத்துக்கே பயந்து விலகினார்கள். ஒரு வருடத்தில் குழு கலைந்தது. இயந்திரத்தைத் தன் வீட்டில் வைக்கலாமா என்று அக்கா கேட்டார். ஐந்து வருடம் முடியும்வரை அது நிறுவனத்தின் சொத்து என்ற கடதாசியில் கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டார்.

மரத்துக்குக் குறைவில்லை. இந்தக் கரையில் நிற்கும் பழைய மரங்களை, மரம் அரியும் மரக்காலைகள் எடுப்பதில்லை. உள்ளே போரில் பாய்ந்த சன்னமும் செல் துண்டும் இருக்கும். வாளின் பல் போய்விடும். அவர்கள் வேலிக்கு வெளியே உருட்டிவிடும் புளி, வேம்புக் குற்றிகளையும், இடிந்த வீடுகளின் முதிரை மரக் கதவு நிலைகளையும் றொமேஸ் அண்ணை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். பழுதான ஒலிபெருக்கி ஒன்றின் காந்தத்தைத் தங்கூசி நூலில் கட்டி, அக்கா குற்றியின் மேல் மெதுவாகக் கொண்டுபோவார். நூல் சரிந்தால் அந்த இடத்தில் இரும்பு. சிற்றுளியால் தோண்டி எடுத்து, பழைய இரும்பு வாங்க வருபவரிடம் கொடுத்துவிடுவார்.

ஒருமுறை காந்தத்தை மட்டும் நம்பினார். குற்றிக்குள் இருந்தது ஈயம். காந்தம் அசையவில்லை. உளி பாய்ந்து, முனை உடைந்து, இடது புருவத்தைக் கிழித்தது. நான்கு தையல். இழை பிரித்த அன்று பின்னேரம் அதே குற்றியை மறுபடி பூட்டிக் கடைந்து முடித்தார். அந்தக் கிண்ணத்தில்தான் இன்றைக்கும் வீட்டில் உப்பு இருக்கிறது.

செப்பில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மூடியைச் செப்பின் வாயில் வைத்துக் கையை எடுத்தால் அது காற்றைத் தள்ளிக்கொண்டு தானாக இறங்க வேண்டும். ஈர மரத்தில் அது நடக்காது. அரைவாசி கடைந்து, உமிச் சாக்குக்குள் ஐந்தாறு மாதம் விட்டு, மரம் சுருங்கி முடிந்த பிறகுதான் மிச்சம். மூடி இறுகினாலோ ஆடினாலோ செப்பு அடுப்புக்குப் போகும்.

அதிகாரி வந்துபோய் இரண்டு மாதத்தில் என் பொய் திரும்பி வந்தது. தெற்கில் ஒரு விடுதி அறுபது செப்புகள் கேட்டிருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஆறு வாரத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய அட்டை கட்ட வேண்டும். போரால் பாதிக்கப்பட்ட பெண்ணொருத்தி, சன்னம் பாய்ந்த மரத்தில் தன் துயரத்தைக் கடைந்து எடுத்தது என்று அட்டையில் இருந்தது. அதைத் தமிழாக்கியது நான். எங்கள் கிளைக்குப் பொறுப்பான விஜிதரன் அண்ணையும் நானும் அதைக் கொண்டுபோனோம்.

அக்கா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, விற்பதில்லை என்று அன்று தான் சொன்னதை நான் என்னவென்று சொன்னேன் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன்.

"நீங்கள் எனக்கு நல்லது செய்ய நினைச்சனீங்கள், தங்கச்சி," என்றார். "எல்லாரும் அப்பிடித்தான்."

விஜிதரன் அண்ணை பேரம் பேசத் தொடங்கினார். அறுபது வேண்டாம், முப்பது போதும். மரம் காயாவிட்டால்தான் என்ன, விடுதிக்கு வருபவர்கள் மூடியைத் திறந்து பார்க்கப் போகிறார்களா? அந்த இடத்தில் அக்காவின் முகம் மாறியது.

"செப்புப் பிடிச்சு எடுக்கிறவை திறந்து பாப்பினம். என்னைப் பாவம் எண்டு வாங்கிறவை செப்பையே கொண்டுபோகினம்? என்னைத்தான் கொண்டுபோய் அலுமாரியில வைப்பினம். நான் ஏன் ஆரோ ஒராளின்ர அலுமாரியில இருக்கவேணும்?"

"வாழ்வாதாரத்துக்குக் குடுத்த மெசின் அக்கா. விளையாடக் குடுக்கேல்லை."

அக்கா என் பக்கம் திரும்பினார். "உங்கட அதிகாரி ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்வாவாம்?"

வாகனத்தில் வரும்போது அதிகாரி என்னிடம் சொல்லியிருந்தார். மண் சட்டி வனைவார் என்றேன்.

"விக்கிறவாவோ?"

"இல்லை."

விஜிதரன் அண்ணை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மாதம் முடிவதற்குள் விடுதியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் இயந்திரம் மல்லாவியில் ஒரு குழுவுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் நடந்ததை றொமேஸ் அண்ணைதான் பிறகு சொன்னார். பத்தையாவது செய்து கொடு, மெசின் மிஞ்சும் என்று அவர் மன்றாடினாராம். பத்துக்கு அட்டை கட்டினால் மிச்சத்துக்கும் கட்டினது மாதிரித்தான் என்று சொன்னாராம் அக்கா. இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணை லாண்ட்மாஸ்ரரை எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கம் போய், எரிந்துபோய்த் திருத்திய தண்ணிப்பம்பி மோட்டார் ஒன்றோடு திரும்பினார். "பேய்ப் பெண்டிலைக் கட்டினா வேற என்ன செய்யிறது," என்று என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மாதக் கடைசியில் லொறியோடு போனோம். இயந்திரம் துடைத்து, எண்ணெய் பூசி, புறப்படத் தயாராக நின்றது. அதற்குப் பக்கத்தில் புதிதாகக் கொங்கிறீற் போட்ட ஒரு மேடை, ஈரச் சாக்கு மூடியபடி காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் பூட்டுவதற்கு அந்தப் பம்பி மோட்டார் பக்கத்தில் காத்துக் கிடந்தது. நாலு பேர் சேர்ந்து இயந்திரத்தைத் தூக்கினார்கள். படியில் இடிக்காமல் திருப்பச் சொல்லி அக்கா வழிகாட்டினார். மல்லாவிக்குப் போகும் பெண்கள் உளியை எப்படித் தீட்ட வேண்டும் என்று லொறிக்காரருக்கும் ஒரு வகுப்பு எடுத்தார். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்து நின்ற விஜிதரன் அண்ணைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கையளிப்புப் படிவத்தை அவர் முதலே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். காரணம் என்ற இடத்தில், பயனாளி உபகரணத்தைப் பயன்படுத்தவில்லை என்று இரண்டு மொழியிலும் இருந்தது. நான் உரக்க வாசித்தேன். அக்கா தட்டுகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விஜிதரன் அண்ணை மட்டும் பார்க்கவில்லை. இது வெறும் வழமை, கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று பேனையை நீட்டினார்.

அக்கா பேனையை வாங்கி என்னிடம் தந்தார்.

"தங்கச்சி, அந்த வரியை வெட்டிப்போட்டு நான் சொல்லுறதை எழுதுங்கோ. நாலு வருசம் இதில நிண்டு தன்ர விருப்பத்துக்குக் கடைஞ்சவள், விக்கச் சொன்னதால திருப்பிக் குடுக்கிறாள். அவ்வளவுதான். ரெண்டு பாசையிலயும் எழுதுங்கோ. எழுதி முடிய இங்கிலீசிலயும் எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. விளங்காட்டியும் பறவாயில்லை, நான் கேக்கவேணும். கேட்டாப் பிறகுதான் கையெழுத்து."