பிழைச் சேர்

என் மேசை லாச்சியில் ஒரு குழாய்த் துண்டு கிடக்கிறது. ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரண்டு முனையிலும் கறுப்பு டேப். எங்கள் பிள்ளைகள் அஞ்சலோட்டம் பழகிய கோல் அது. தண்ணீர்க் குழாயிலிருந்து அறுத்தவள் நான். அதை வாங்கி அளந்துபார்த்து, “நீளம் பிழை, டீச்சர்” என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோய் அரை அங்குலம் வெட்டி, அராவிக் கொண்டுவந்தவர் எங்கள் கணக்கு ஆசிரியர், கணக்குச் சேர்.

கல்முனைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் நான் உடற்கல்வி டீச்சர். ஓட்ட அணிக்கு எனக்குத் துணையாக அதிபர் இவரைப் போட்டதிலிருந்து என் நிம்மதி போயிற்று. ஓடவும் தெரியாது, ஒரு விசில் ஊதவும் வராது. சட்டைப்பையில் ஒரு கொப்பி மட்டும் இருக்கும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை மணலில் பிள்ளைகள் பழகும்போது கரையில் நின்று எழுதிக்கொண்டே இருப்பார். எழுதினால் எழுதட்டும், பிள்ளைகளுக்கு முன்னாலேயே வாசிப்பார். கோல் மாற்ற நான் வைத்த காலடி எண்ணிக்கை பிழை, நான் நிற்கும் இடம் பிழை, நான் ஊதும் நேரமும் பிழை. பிள்ளைகள் ஸ்காப் நுனியால் வாயை மூடிச் சிரிப்பார்கள். அவருக்குப் ‘பிழைச் சேர்’ என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அதிபரிடம் போய் அவரை மாற்றித் தாருங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். மனுசன் அசையவில்லை.

அந்த வருட வலயப் போட்டியில் மூன்றாவது கைமாற்றத்தில் கோல் விழுந்தது. அது வரை முன்னுக்கு நின்றவர்கள் நாங்கள்! திரும்பி வரும் வழியில் வேனுக்குள் பிள்ளைகள் அழ, இவர் கொப்பியைப் பிரித்தார். “கோல விட்ட புள்ளயில பிழை இல்ல, டீச்சர். சொல்லுலதான் பிழை” என்றார். என்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து, வந்த ஆத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த கிழமை அதிபர் கூப்பிட்டார். பெண் பிள்ளைகளை வெளியூர் கூட்டித்திரிவதாகச் சில பெற்றோர் குறைசொல்கிறார்களாம். அடுத்த முறையும் மாகாணத்துக்குத் தெரிவாகாவிட்டால் அணியை நிறுத்திவிடுவாராம்.

அன்று மாலை கடற்கரைக்குப் போனால், கணக்குச் சேர் நாலு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எல்லாரையும் ஒரே நேரத்தில் “இந்தா!” என்று கத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் முன்னால் நின்ற மூன்று பிள்ளைகளும் எந்த ‘இந்தா’ தங்களுடையது என்று தெரியாமல் கண்டபடி கையை நீட்டினார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் கோல் கொடுக்கிற எல்லா அணியும் கத்துவது ‘இந்தா’தான். போட்டியன்று பக்கத்து ஓடுபாதைக்காரி கத்தியதற்கு எங்கள் பிள்ளை கையை நீட்டிவிட்டாள். கோல் வந்து சேர்ந்தபோது அவள் கை அந்த இடத்தில் இல்லை. ஆறு வருடம் பழக்கியவள் நான், எனக்கு இது தட்டவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வேறு சொல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார். என்ன சொல் வைப்பது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். மூன்றாவதாக ஓடுகிறவள் சொன்னாள்: “டீச்சர், ‘பிழை’ன்டு கத்துவமா? சேர்ர பயத்துல கை தானாப் பின்னால போகும்.” எல்லாரும் மணலில் விழுந்து சிரித்தோம். எனக்கும் உள்ளூர ஒரு வஞ்சம் தீர்ந்த சந்தோசம். அதையே வைத்தோம். அவருக்கு யாரும் சொல்லவில்லை; அவர் கரையில் நிற்கும் நாட்களில் வேறொரு சொல்லைக் கத்திப் பழகினோம்.

அடுத்த வலயப் போட்டி. வெடி வெடித்தது, என் கால் நிலத்தில் நிற்கவில்லை. முதல் மாற்றத்தில் நாலு பக்கமும் ‘இந்தா, இந்தா’, அதற்கு நடுவே எங்கள் பிள்ளையின் குரல் மட்டும் தனியாக, “பிழை!” கோல் கைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கைமாற்றம் நடக்கும் இடத்தில், வேலிக்கு வெளியே, கணக்குச் சேர் நின்றார். அவருக்கு முன்னாலேயே “பிழை!” என்ற கத்தல் கேட்க, மனுசன் தலையில் கையை வைத்தபடி குந்திவிட்டார். கொப்பி புழுதியில் கிடந்தது. நாங்கள் இரண்டாமிடம். மாகாணத்துக்கு அது போதும்! நான் விசிலைக் கடித்துக்கொண்டே அழுதேன்.

அவர் கொப்பியைப் பொறுக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி ஓடிவந்தார். அவர் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். “என்ன பிழை, டீச்சர்? கோட்டத் தாண்டிட்டாவா?” பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் உண்மையைச் சொன்னார்கள். அவர் கொப்பியின் புழுதியைத் தட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சரி” என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு இடமாற்றம் வந்து தன் ஊருக்குப் போய்விட்டார். இப்போது என்னோடு நிற்பவர் தங்கமான மனுசன். எதைச் சொன்னாலும் “ஓம் டீச்சர், நல்லம் டீச்சர்.” இரண்டு வருடமாக அணி மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகிறது, ஏனென்று சொல்ல ஆளில்லை. நேற்று ரோசத்தை விட்டு, பிள்ளைகள் கோல் மாற்றிப் பழகிய வீடியோவைக் கணக்குச் சேருக்கு அனுப்பினேன். இன்று இடைவேளையில் பதில் வந்தது: “மூண்டாவது மாத்தம் பிழை.”

நான் சிரித்த சிரிப்பில், ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்கள் எனக்கு என்ன நடந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் லாச்சியை இழுத்து, குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன்.