சூசைமுத்துவின் சட்டை

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, பெண்கள் மட்டும் நின்றால் அந்த விடிகாலை டவுன் பஸ் நிற்பதில்லை. எரியோட்டுக்கு அருகிலிருந்த அந்த நிறுத்தத்தில் கையைக் காட்டக் காட்டப் புழுதியை இறைத்துவிட்டுப் போய்விடும். அல்போன்சாவுக்கு நாகல் நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. "இன்னொரு தடவை லேட்டா வந்தீன்னா அப்படியே வீட்டுக்குப் போயிரு" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அன்று கத்தரிக்காய் பறித்த கையோடு, சேலைக்கு மேல் மாட்டியிருந்த கணவர் சூசைமுத்துவின் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக ஓடிவந்து முன்னால் நின்றாள். மங்கிய வெளிச்சத்தில் பஸ் நின்றது.

"வெரசா ஏறுய்யா!" என்றார் ஓட்டுநர்.

"அய்யா இல்லண்ணே, அம்மா" என்று அல்போன்சா ஏறினாள். பின்னாலேயே மற்ற பெண்களும் ஏறிவிட்டார்கள். நடத்துநர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஓட்டுநருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஓசியில போறதுக்கு வேஷம் வேறயா?"

"என்ன ஓசி? எங்களுக்கும் சேத்துத்தான் கவர்மெண்டு கட்டுதுண்ணே. டிக்கெட்டக் கிழிக்கச் சொல்லுங்க."

மறுநாளிலிருந்து எல்லாப் பெண்களும் சட்டையில் நின்றார்கள். ஆண் யார், பெண் யார் என்று தெரியாமல் பஸ் நின்றே ஆகவேண்டியிருந்தது.

"எனக்கிருக்கது ஒரே நல்ல சட்டைடி. உன் சேலையக் கட்டிக்கிட்டா நான் பூசைக்குப் போறது?" என்று புலம்பினார் சூசைமுத்து.

வேஷம் போட்டே காலம் தள்ள அல்போன்சாவுக்கும் மனம் ஒப்பவில்லை. கிராமசபைக் கூட்டத்துக்கு அதே சட்டையோடு போய் எழுந்து நின்றாள். "எங்களுக்குன்னு விட்ட பஸ்ஸுல ஏற நாங்க ஆம்பளையாகணுமா?" கூட்டம் சிரித்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் தீர்மானமும் போட்டது. அது பணிமனை வரை போனது. ஆனாலும் சேலையோடு நின்றால் பஸ் நிற்குமா என்று சட்டையைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஒருநாள் சூசைமுத்து அதைப் போட்டுக்கொண்டு பழனிப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மற்ற பெண்களுக்கு அன்று வேலை இல்லை. வெறும் சேலையில் தனியாக நின்றாள் அல்போன்சா. கையைத் தூக்கினாள். பஸ் அவளைத் தாண்டிப் போனது. போச்சு, வேலை போச்சு.

செத்த தூரம் போய் பஸ் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"சட்டை இல்லாம அடையாளமே தெரியலக்கா! ஓடியாங்க!"

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அல்போன்சா ஓடினாள்.